ஒரு டன்னுக்கு எத்தனை பல்பு?

மாணவர்களே, 2009-இல் நம் நாட்டில் 'பச்சத் லாம்ப் யோஜனா' தொடங்கிற்று. பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் சி.எஃப்.எல். விளக்கு 15 ரூபாய்க்குக் கிடைத்தது. மீதி விலையை, குறையும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு வளர்ந்த நாடுகளுக்கு விற்று ஈடுசெய்வது ஏற்பாடாக இருந்தது.

கணக்குப் போடுங்கள். 60 வாட்டுக்குப் பதில் 14 வாட். மிச்சம் 46 வாட். தினம் 4 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 67 யூனிட். நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு வெளியாகிறது. ஆக, 15 விளக்குகளுக்கு ஒரு டன்!

சிக்கல் இங்கேதான். அவ்வீட்டார் தாமாகவே சி.எஃப்.எல். வாங்கியிருப்பார்களானால், விற்ற டன் வெறும் காகிதம்; அதை வாங்கியவரின் ஆலையோ அந்த ஒரு டன்னைக் கூடுதலாகவே புகைக்கும். மாதிரி வீடுகளில் மீட்டர் வைத்து எரியும் நேரத்தை அளக்கலாம். இதை அளக்க மீட்டர் இல்லை. பழைய பல்பு வேறு வீட்டில் எரிந்தாலும் கணக்குப் பொய்யாகும். அதனால்தான் திரும்பப் பெற்ற பல்புகளை உடைத்துவிட வேண்டுமென்று விதித்தார்கள்.