பூச்சிக் குளிசை கொடுத்தாச்சு, பிறகு?



இந்த முறைப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. தோட்டத்தில் நடக்கிற நலன்புரி வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒன்றோடொன்று தொடுத்த ஒரு தொகுதியாகப் பார்ப்பது எப்படி என்று படிக்கப் போகிறோம். தொகுதி என்றவுடன் பெரிய படிப்பு என்று பயந்துவிட வேண்டாம். என் ஊர் கோமாரி. அம்பாறை மாவட்டக் கடற்கரையில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே இருக்கிறது. எங்கள் பக்கத்து வயல்வெளிகளில் வட்டவிதானை என்று ஒருவர் இருப்பார். வாய்க்கால் தலைப்பில் உள்ளவர் தேவைக்கு மேல் தண்ணீரைத் திருப்பினால் கடைசி வயல் காய்ந்து போகும். தலைப்பு வயற்காரர் கெட்ட மனுஷன் இல்லை, தன் வரம்புக்குள் மட்டும் பார்க்கிறார். வட்டவிதானையோ முழு வாய்க்காலையும் நடந்து பார்க்கிறார். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

தோட்டத்தில் நாங்கள் எப்படி வேலை செய்கிறோம்? பிள்ளைக் காம்பரா ஒருவர் பொறுப்பு. மருந்து இன்னொருவர். தண்ணீர்க் குழாய் வேறொருவர். மலசலகூடம் கட்டுவது எங்கிருந்தோ வந்த ஒரு திட்டம். அவரவர் தம் வேலையை முடித்துப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிடுகிறோம். ஆனால் பிள்ளையின் நிறை ஏறினபாடில்லை. 2016ல் எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 32 வீதம். இத்தனை வேலைத்திட்டம் நடந்தும் ஏன் இப்படி?

பதில் தேட நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கதைக்குப் போவோம். 1916ல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொழுக்கிப் புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். தொழிலாளரைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது, ஆட்கள் தேறினார்கள். ஆனால் புழு திரும்பி வந்தது.

ஏன் என்று விளங்க அந்தப் புழுவின் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொழுக்கிப் புழு குடலில் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே போகும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் விழுந்தால் ஒரு கிழமை பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுவாகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தேயிலை மலையில் ஈரத்துக்கும் நிழலுக்கும் குறைவா? மருந்து ஆளைச் சுகமாக்கியது, மண்ணை அல்ல. மலசலகூடம் கட்டப் பணம் செலவழிக்கப் பல தோட்ட நிர்வாகங்கள் அன்று தயங்கின. மருந்து குடித்தவர் அடுத்த நாள் அதே மண்ணில்தான் கால் வைத்தார்.

இதிலிருந்து கிடைத்த அனுபவமும் சேர்ந்துதான் 1926ல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு என்ற புது ஏற்பாட்டுக்கு வழிவிட்டது. குறிப்பிட்ட ஒரு பகுதி மக்களுக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே மருத்துவிச்சி, தாதி, சுகாதாரப் பரிசோதகர். பிரசவமும் தடுப்பூசியும் கிணறும் கக்கூசும் ஒரே கூட்டத்தின் பொறுப்பு. இன்று நாங்கள் எம்.ஓ.எச். ஒபீஸ் என்று சொல்லும் அமைப்பு அந்த வழியில் வளர்ந்ததுதான். கிராமங்களில் அது பரவின காலத்தில் தோட்டங்களின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் கையில் தனியாகவே கிடந்தது. நாங்கள் பிந்தினதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சம்பளப் பக்கம் பார்ப்போம். நலன்புரியும் சம்பளமும் வேறுவேறு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு 1979ல் வெளிவந்தது. இரும்புச் சத்து கொடுக்கப்பட்ட பெண்கள் முன்னைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். இரத்தம் மிகவும் குறைந்திருந்தவர்களிடம் இந்த மாற்றம் இன்னும் கூடுதல். இதைத் திருப்பிப் பாருங்கள். இரத்தம் குறைந்தால் கை சோரும். கை சோர்ந்தால் கிலோ குறையும், அரைப்பேர் விழும். சம்பளம் குறைந்தால் வீட்டில் முதலில் நிற்பது மீனும் முட்டையும் பருப்பும். அவை நின்றால் இரத்தம் இன்னும் குறையும். செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி அதே இடம். ரொட்டியோடு சேர்த்து வெறுந்தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பும் உடம்பில் சேர்வது குறைகிறது. (நாங்கள் பறிக்கிற கொழுந்தே இப்படிச் செய்வது வேடிக்கைதான்.) தேத்தண்ணியை விட வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுக்கலாம் என்று தேடுவதுதான் தொகுதியாகப் பார்ப்பது. ஆனால் அவசரப்பட்டு அறுத்தால் கெடுதியும் வரும். இதற்கு உதாரணம் எங்கள் கிழக்குக் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26ல் கடல் வந்தபோது கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகின. உதவிக்கு வந்த நிறுவனங்கள் பம்பு வைத்து இறைத்தன. நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஒருவர் இறைத்தது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களும் உண்டு. கரை மணலுக்குள் நல்ல தண்ணீர், கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். மட்டக்களப்புக் கரையில் ஆராய்ந்த நிலத்தடி நீர் நிபுணர்கள் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். குப்பையை அகற்றிக் கிணற்றைத் துப்பரவாக்கிவிட்டு, மாரி மழை உப்பைக் கழுவும்வரை பொறுத்திருப்பதே நல்லது. ஆனால் "இத்தனை கிணறு இறைத்தோம்" என்று அறிக்கை எழுதலாம். "பொறுத்திருந்தோம்" என்று எழுதினால் யார் காசு தருவார்?

எங்கள் அறிக்கைகளும் அந்த மாதிரித்தானே! கொடுத்த குளிசை எத்தனை, கட்டின கக்கூஸ் எத்தனை என்று எண்ணுகிறோம். பாவிக்கிற கக்கூஸ் எத்தனை என்று யாராவது எண்ணுகிறோமா?

உங்கள் டிவிசனில் நிறை ஏறாத ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போங்கள். பிள்ளை ஏன் வெளிறிக் கிடக்கிறது? லயத்துப் பின்பக்கம் வெறுங்காலோடு வெளிக்குப் போகிறது. கக்கூஸ் இருக்கிறதே? தண்ணீர் இல்லை. குழாய் போட்டார்களே? கீழ் லயத்தில் ஒரு பைப் உடைந்து ஓடுவதால் மேல் லயத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏன் திருத்தவில்லை? திட்டம் முடிந்த பிறகு அது யாருடைய பொறுப்பும் இல்லை. இப்படிப் பார்த்தால் பிள்ளையின் நிறை ஒரு பைப் வாசரில் தொங்கிக்கொண்டிருக்கும். கிளினிக்கில் மட்டும் தேடினால் இது அகப்படாது.

இன்னொரு வீட்டில் காரணம் வேறாக இருக்கும். கிளினிக் நாளில் அம்மா மலைக்குப் போகாவிட்டால் பேர் போய்விடும், அதனால் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அங்கே குழாய் திருத்திப் பயனில்லை, கிளினிக் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு மருத்துவிச்சி அம்மாவும் கங்காணியும் துரையும் ஒரே மேசையில் கதைக்க வேண்டும். ஆகவே தாயைக் கேட்காமல் காரணத்தை நாங்களே முடிவு செய்யக் கூடாது. எல்லாப் பூச்சியும் காலால் வருவதும் இல்லை. வட்டப் புழுவின் முட்டை அழுக்குக் கையாலும் கழுவாத கீரையாலும் வாய்க்குள் போகிறது. அதற்குச் செருப்பு காவல் இல்லை, சவர்க்காரம்தான். கர்ப்பிணித் தாய்மார் முதல் மூன்று மாதத்தில் பூச்சிக் குளிசை குடிக்கக் கூடாது, பிறகும் கிளினிக்கில் கேட்டே குடிக்க வேண்டும்.

பொறுமையும் வேண்டும். குளிசை கொடுத்தால் சில நாளில் புழு விழும், அது உடனே கண்ணுக்குத் தெரியும். குறைந்த இரத்தம் ஊறி நிரம்ப மாதக்கணக்கு ஆகும். கக்கூஸ் பழக்கம் வந்து லயத்து மண் சுத்தமாக அதற்கும் மேலே. மூன்று மாதத்தில் நிறைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "சரிவரவில்லை" என்று வேலையைக் கைவிட்டால், பலன் வருகிற நேரத்தில் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது லயத்துக்கு ஒருவராக ஒரு கடதாசியில் மூன்று கணக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்: எத்தனை கக்கூஸ் பாவனையில் இருக்கிறது, பீலியிலோ குழாயிலோ எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, போன கிளினிக்குக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர். பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் நிறைப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். குழாய்க்குப் பொறுப்பானவரையும் மறக்காமல் கூப்பிடுங்கள், வழக்கமாக அவரை யாரும் கூப்பிடுவதில்லை.