நுண்ணலைகளும் தொழிலாளர் நலமும்

கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் ரேடார், செய்திகளைத் தொலைவுக்கு அனுப்பும் கோபுரங்கள், மருத்துவமனைகளில் தசைவலிக்கு ஒத்தடம்போல் வெப்பம் தரும் டயாதெர்மி கருவி ஆகியவை நுண்ணலைகளைப் பயன்படுத்துகின்றன. இவற்றின் பயனை நாம் அனைவரும் பெறுகிறோம். ஆனால் நாள்தோறும் இவற்றின் அருகே நின்று பணியாற்றுவோரின் உடல்நலத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மாணவியரே, அதனைச் சற்று ஆராய்வோம்.

நுண்ணலை என்பது யாது?

நுண்ணலையும் ஒளியைப் போன்ற ஒரு மின்காந்த அலையே. அதன் அலைநீளம் ஏறத்தாழ 1 மீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றலுடையது; நுண்ணலைக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுதல் கூடாது. நுண்ணலை படும்போது உடலிலுள்ள நீர் மூலக்கூறுகள் அலையின் போக்கிற்கேற்ப இடைவிடாமல் திரும்ப முயல்கின்றன. அதனால் வெப்பம் உண்டாகிறது. இதுவே அதன் முதன்மையான விளைவு.

கண்ணுக்கு நேரும் கேடு

தணலில் விரல் பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்கிறோம். தோல் நம்மை எச்சரிக்கிறது. நுண்ணலையோ தோலைக் கடந்து உள்ளேயும் சூடாக்குவதால், அந்த எச்சரிக்கை காலந்தாழ்ந்து வரலாம். உடலின் பிற பகுதிகளில் ஓடும் இரத்தம் வெப்பத்தை வாங்கிச் சென்றுவிடும். கண்ணின் வில்லையிலோ இரத்தக் குழாய்களே இல்லை. ஒளி தடையின்றிச் செல்வதற்கு உதவும் இவ்வமைப்பே வெப்பத்தின்முன் அதற்குக் குறையாகிவிடுகிறது. அளவுக்கு மீறிய வெப்பத்தால் வில்லையிலுள்ள புரதம், வெந்த முட்டையின் வெண்கருபோல் தெளிவிழந்துவிடும். இதனையே கண்புரை என்கிறோம்.

1948இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வலிமைமிக்க நுண்ணலைகளால் விலங்குகளின் கண்களில் புரை உண்டாவதைக் கண்டனர். 1952இல், நுண்ணலைக் கருவியை இயக்கிவந்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் இரு கண்களிலும் வில்லை மங்கியிருந்தது மருத்துவ இதழில் வெளிவந்தது.

நெடுநாள் ஆய்வுகள்

கொரியப் போர்க் காலத்தில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படையினர் ஏறத்தாழ 40,000 பேரின் நிலை பல்லாண்டுகள் ஆராயப்பட்டது. 2002இல் வெளிவந்த முடிவின்படி, ரேடார் அலைகள் மிகுதியாகப் பட்டோரிடையே மொத்த இறப்பு கூடவில்லை. ஆயினும் விமான மின்னணுப் பணியாளர் பிரிவில் மட்டும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் மிகுந்து காணப்பட்டது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ரேடியோ அலைகளையும் நுண்ணலைகளையும் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் பிரிவில் சேர்த்தது. அது ஐயப்பாடே அன்றி நிரூபணம் அன்று. வெப்பத்தால் வரும் கேடோ ஐயத்திற்கு இடமில்லாதது.

அளவும் அறிவும்

2 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளுக்குப் பன்னாட்டுக் குழு 1998இல் வரம்பு வகுத்தது. பொதுமக்கள் மீது சதுர மீட்டருக்கு 10 வாட்டும், தொழிலாளர் மீது 50 வாட்டும் படலாம் என்பது அவ்வரம்பு. தொழிலாளிக்கு மட்டும் ஐந்து மடங்கு ஏன்? அவர் வயதுவந்தவர், ஆபத்தை அறிந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர் என்று கொள்கின்றனர். அப்படியாயின், பயிற்சி அளிக்காமல் ஒருவரை அவ்வேலைக்கு அனுப்புவது, அவருடைய பாதுகாப்பையே பறித்துக்கொண்டு அனுப்புவதாகும்.

காத்துக்கொள்ளும் வழிகள்

1. ஆண்டெனாவில் ஏறுமுன் கருவியை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.
2. கருவி இயங்கும்போது அலைகள் வெளிவரும் குழாயின் வாயை ஒருபோதும் உற்றுநோக்கக் கூடாது.
3. இயன்றவரை விலகி நிற்க வேண்டும். ஆண்டெனாவை விட்டு வெகுதூரம் சென்றபின், தூரம் இருமடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.
4. உலோகத் தடுப்புகளும் எச்சரிக்கைப் பலகைகளும் அமைத்து, அளவுமானியால் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

முடிவுரை

உங்களுள் சிலர் நாளை பொறியியலாராகலாம். சிலர் மருத்துவமனையில் டயாதெர்மி கருவியை இயக்கலாம். சிலர் பிறரை வேலைக்கு அமர்த்தும் பொறுப்பை ஏற்கலாம். அறியாமல் அஞ்சுவதும் வேண்டாம். அறியாமல் துணிவதும் வேண்டாம். உங்கள் கீழ்ப் பணிபுரிவோர்க்கு ஊதியம் தருவதற்கு முன்னரே, அவ்வேலையின் ஆபத்தை அவர்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். ஒருவருடைய கண்ணொளியைக் காப்பது அதுவே.