சொல் கவர வந்த சிறுவன்

சரித்திரம் கற்கும் மாணாக்கரிற் பலர், அதனை அரசர் பெயர்களும் ஆண்டுகளும் அடங்கிய பட்டியலாகவே கருதி, பரீட்சை முடிந்தவுடன் மறந்துவிடுகின்றனர். சரித்திரக் கதை படிப்போரிற் பலரோ, கதையிற் கண்ட அனைத்தையும் நடந்தனவென்றே நம்பிவிடுகின்றனர். இவ்விரு குறைகளும் நீங்குதற்குரிய வழி, கதையையும் சரித்திரத்தையும் அருகருகே வைத்துப் படித்தலேயாம். அங்ஙனம் படிக்குமாற்றை ஓர் உதாரணங் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

யாம் எடுத்துக்கொண்டது, அமெரிக்க ஆசிரியராகிய காரி பிளாக்வுட் இளைஞர்க்கென எழுதிய மூன்று நூல்கள் கொண்ட கதைத்தொடர். ‘ஷேக்ஸ்பியர் ஸ்டீலர்’ 1998-லும், ‘ஷேக்ஸ்பியர்ஸ் ஸ்கிரைப்’ 2000-லும், ‘ஷேக்ஸ்பியர்ஸ் ஸ்பை’ 2003-லும் வெளிவந்தன. கள்வன், எழுத்தன், ஒற்றன் என்னும் இம்மூன்று பெயர்களும் ஒரே சிறுவனைக் குறிப்பன. கதை நிகழுங் காலம், 1485-இல் தொடங்கிய டியூடர் மரபின் இறுதி அரசியாகிய எலிசபெத்தின் கடைசி ஆண்டுகள்.

கதாநாயகன் விட்ஜ் என்னும் பதினான்கு வயது அநாதை. யார்க்ஷயரில் திமொத்தி பிரைட் என்னும் குருவானவரிடம் ஊழியஞ் செய்து, அவர் வகுத்த சுருக்கெழுத்தைக் கற்கிறான். அயலூர்க் கோயில்களில் பிறர் செய்யும் பிரசங்கங்களை ஒளிந்திருந்து எழுதி வந்து எஜமானருக்குக் கொடுத்தலே அவனுக்கிட்ட முதல் வேலை. பின்னர் வேறொருவன் அவனை விலைக்கு வாங்கி, இலண்டனில் குளோப் நாடகசாலையில் நடிக்கப்படும் ‘ஹாம்லெத்’ நாடகத்தைச் சொல் விடாமல் எழுதிக் கொணருமாறு ஏவுகிறான். சிறுவன் செல்கிறான்; ஆனால் மேடையில் நிகழ்வதைக் கண்டு தன்னை மறந்து, எழுதுகோலையும் மறக்கிறான். அகப்பட்ட பொழுது, நடிக்கக் கற்க வந்ததாகப் பொய் கூறுகிறான். அப்பொய்யை மெய்யென நம்பி நடிகர் அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொள்கின்றனர். தன்னை நம்பினோரைக் கொள்ளையிடுவதா, ஏவினவனுக்கு அஞ்சுவதா என்பதே அவனுக்கு நேர்ந்த சோதனை. அதன் முடிவை நூலிற் காண்க.

நிற்க, இக்கதையில் மெய்யெவ்வளவு, புனைவெவ்வளவு என ஆராய்வோம். திமொத்தி பிரைட் சரித்திர புருஷரே. இலண்டனில் வைத்தியராயிருந்து, 1588-இல் ‘காரக்டெரி’ என்னுஞ் சுருக்கெழுத்து நூலை வெளியிட்டு எலிசபெத்து அரசிக்கு உரிமையாக்கினார். பின்பு யார்க்ஷயரிற் குருவானார். அவர் பிரசங்கக் களவு செய்வித்தார் என்பதோ ஆசிரியரின் கற்பனை. குளோப் நாடகசாலை 1599-இல் எழுந்தது, 1613-இல் தீக்கிரையாயிற்று. பெண் வேடங்களைச் சிறுவரே தரித்தனர் என்பதும் உண்மை. இங்கிலாந்தின் பொது மேடையிற் பெண்கள் நடிக்கத் தலைப்பட்டது 1660-இலேயாம். ஆதலின், ஆண்வேடம் பூண்டு நடிகரிடைப் பயிலும் ஒரு சிறுமியை ஆசிரியர் படைத்தது, அக்காலத்துத் தடையை நாம் உணர்தற்பொருட்டேயென்க.

நாடகத்தைத் திருடுவானேன் என வினவலாம். அக்காலத்தில் நூலாசிரியனுக்குச் சட்டம் வழங்கிய உரிமை யாதுமில்லை. இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் பிறந்தது 1710-இல். நாடகத்தை விலைகொடுத்து வாங்கிய நடிகர் குழுவுக்குக் கைப்பிரதியே மூலதனம். அது பிறர் கைப்படின் பிழைப்பே கெடும். 1603-இல் அச்சான ‘ஹாம்லெத்’தின் முதற் பதிப்பு, அடுத்த பதிப்பில் ஏறக்குறையப் பாதியளவே உள்ளது, பொலோனியஸ் என நாமறிந்த மந்திரிக்கு அதில் வேறு பெயர், புகழ்பெற்ற தனிமொழியும் உருக்குலைந்து கிடக்கிறது. இச்சிதைந்த பிரதி எவ்வாறு பிறந்ததென்பதே பிளாக்வுட்டின் கதைக்கு வித்தாகிய வினா.

சுருக்கெழுத்தால் பிறந்ததென முன்னர்ச் சிலர் கருதினர். பிரைட்டின் முறையை ஆராய்வோர்க்கு அக்கருத்து நிலைபெறாது. அவர் வகுத்தவை ஐந்நூற்றுச் சில்லறை சொற்களுக்குரிய குறிகளே. பட்டியலில் இல்லாத சொல்லுக்கு, அதனோடு ஒத்த பொருளுடைய சொல்லின் குறியை எழுதி, வேண்டிய சொல்லின் முதலெழுத்தை அதனருகே இடவேண்டும். நம் மொழியிற் சொல்லின், ‘மலர்’ என்னுங் குறியருகே ‘தா’ என்று எழுதினாற்போலும். வீடு சென்று விரித்தெழுதுபவன் அதனைத் தாமரை என்பானா, தாழை என்பானா? நடிகர் நாவினின்று விரைந்து பாயும் செய்யுளை இம்முறையால் சொல் பிசகாது பிடித்தல் அரிது. நடித்தவர் எவரோ நினைவிலிருந்து கூறியதே அப்பிரதி என்பார் சிலர். கவி முதலில் எழுதிய வடிவமே அஃது என்பார் வேறு சிலர். அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை.

அங்ஙனமாயின் கதை பொய்யாய்ப் போயிற்றே என்று மாணாக்கர் மனந்தளர வேண்டுவதில்லை. கதை எவ்விடத்திற் சரித்திரத்தினின்று விலகுகிறதோ, அவ்விடத்திலேயே நாம் கற்கவேண்டிய பாடம் தொடங்குகிறது. பிரைட்டின் குறிகள் பொருளைப் பிடித்தன, சொல்லை விட்டன. கவிதையோ சொல்லிலே வாழ்வது. தாமரை இருந்த இடத்தில் தாழையை வைத்தால் மலர் என்னும் பொருள் நிற்கும், பாட்டு நில்லாது. பரீட்சைக்கென மூலத்தை விடுத்துப் பொழிப்புரையையும் கடைக் குறிப்புகளையும் மனனஞ் செய்யும் மாணாக்கர், தம்மையறியாமலே பிரைட்டின் முறையைக் கையாளுகின்றனர். பொருளின் நிழல் அவர் கையில் உளது. கவியின் குரலை அவர் கேட்டதில்லை. விட்ஜோ எழுதுவதை மறந்து கேட்ட அக்கணத்திலேயே நாடகத்தைப் பெற்றான். அவன் அன்று பெற்றதை எக்கள்வனும் கவரவியலாது.

இன்னொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1616-இல் கவி மறைந்த பின், அவருடன் நடித்த ஹெமிங்ஸ், கான்டெல் என்னும் இருவர், களவாய் வந்த பிழைப் பிரதிகளுக்கு மாறாக அவர்தம் 36 நாடகங்களைத் தொகுத்து 1623-இல் அச்சிட்டனர். அவற்றுட் பாதி அதன் முன் அச்சேறாதவை. அவ்விருவர் முயலாதிருப்பின் ‘மாக்பெத்’தும் ‘டெம்பெஸ்ட்’டும் நமக்குக் கிட்டியிரா. ஹெமிங்ஸ் இக்கதைத்தொடரிலும் ஒரு பாத்திரமாய் வருகிறார். தம்மிடம் ஒப்புவித்த சொல்லைக் காத்த நண்பர் அவர். கவர வந்து காவலனாய் மாறிய சிறுவன் விட்ஜ். முன்னவர் மெய், பின்னவன் புனைவு. இருவரும் காட்டும் நெறியோ ஒன்றே.

ஆதலால் மாணாக்கர் இத்தகைய கதைகளைக் கையிலெடுக்குங்கால், முதலில் இன்பத்திற்காகவே ஒருமுறை படித்துச் செல்க. இரண்டாம் முறை, ஒரு குறிப்பேட்டில் மெய்யென அறிந்தவற்றை ஒருபுறமும், புனைவென ஐயுற்றவற்றை மறுபுறமும் எழுதிக் கல்லூரிப் புத்தகசாலையில் ஆராய்க. மூன்றாவதாக, ஆசிரியர் எதன்பொருட்டு மெய்யை விட்டுப் புனைந்தார் என வினவுக. இம்மூன்றும் செய்து முடித்தபின், ‘ஹாம்லெத்’தையே மூலத்திற் படித்தல் வேண்டும். கதை நம்மை வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே புகவேண்டியவர் நாமே.