கொல்லயிலில் அக்கானி (பதநீர்) குடிக்கப் போகிறீர்களா?

கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள கொல்லயில் பக்கம், பனையேறும் வீடுகள் இப்போது அருகிவிட்டன. எனவே முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் வந்தால் தனுவச்சபுரத்தில் இறங்கலாம். மாசி முதல் வைகாசி வரைதான் சீசன்.

விடிந்ததும் போய்விடுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அக்கானியைப் புளிக்கவிடாமல் காக்கிறது. தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள், அங்கேயே குடித்துவிடுங்கள்.

கருப்பட்டி காய்ச்சுவதையும் பார்த்துவிட்டு வாருங்கள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருண்டு திரண்டால் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் எனக்குச் சந்தேகம்தான். விலை பேசாதீர்கள், தினமும் இருவேளை மரமேறுகிறவரிடம் என்ன பேரம்?

கள் வாங்கினால் களியக்காவிளை எல்லையைத் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. கருப்பட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வையுங்கள், மழைக்காலத்தில் கசிந்துவிடும்.