பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? – கடைக்காரர் கணக்கு

2012ஆம் ஆண்டில் சென்னை நீங்கலாகத் தமிழகத்தில் பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைக்காரர் முதல் மேலூர், உசிலம்பட்டி மளிகைக் கடைக்காரர் வரை யாரும் அதற்குத் தப்பவில்லை. இன்று அத்தகைய வெட்டு இல்லை. ஆயினும் பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்கள் உண்டு. அன்று தராசும் பில் கம்ப்யூட்டரும் ஓடினால்தான் வியாபாரம்.

"900 வி.ஏ. இன்வெர்ட்டர் இருக்கிறது, கவலை இல்லை" என்று சொல்வோர் உண்டு. ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டுமே வி.ஏ. சொல்லும். எத்தனை மணி நேரம் என்பதை அறியப் பேட்டரியின் ஏ.எச். எண்ணைப் பார்க்க வேண்டும். முன்னது கிட்டங்கியின் வாசல். பின்னது உள்ளிருக்கும் சரக்கு.

150 ஏ.எச்., 12 வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. இது மொத்த எடை. இதில் இரண்டு கழிவு உண்டு. இன்வெர்ட்டரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும், மீதி 1440. பேட்டரியை அடியோடு வற்றவிட்டால் ஆயுள் குறையும் என்பதால், மேலும் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும். நிகரம் ஏறத்தாழ 1150.

இனிச் செலவு. அந்தந்தச் சாதனத்தின் பின்புறம் வாட் அளவு இருக்கும். ஒரு சிறு கடைக்கு:

தராசு – 10
கம்ப்யூட்டர், திரை – 100
பில் பிரிண்டர் – 15
எல்.இ.டி. டியூப் இரண்டு – 40
மின்விசிறி – 75
மொத்தம் – 240 வாட்

1150ஐ 240ஆல் வகுத்தால் நாலே முக்கால் மணி நேரம். காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் பிற்பகல் 2 மணிக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

உடனே இன்னொரு பேட்டரி வாங்க வேண்டியதில்லை. 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மாட்டினால் மொத்தம் 195; ஏறத்தாழ ஆறு மணி நேரம் வரும். 40 வாட் லேப்டாப்பில் பில் போட்டால் மொத்தம் 135; எட்டரை மணி நேரம். மாலை 5 மணி வரை கவலையில்லை. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் இதில் இணைக்கலாகாது.

இது புதுப் பேட்டரிக்கான கணக்கு. பழையது குறைவாகவே தாங்கும். ஒரு விடுமுறை நாளில் மெயினை நிறுத்தி, இவற்றை ஓடவிட்டு, இன்வெர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பும் வரை நேரம் பாருங்கள். மீண்டும் முழுதாக ஏறப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இருப்பு அறிந்து விற்பவர் வணிகர். மின்சாரத்துக்கும் அதுவே கணக்கு.