ஒரே டெக்ஸ்ட் பைலில் இருந்து வலைப்பக்கமும் அச்சுப் புத்தகமும்

மேலூர் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய்களைப் பற்றி என் பெரியப்பா ஒரு சிறு நூல் எழுதினார். எந்த மடையில் இருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும், கலுங்கு எங்கே உடைந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. 2004-ல் மதுரையில் ஒரு டி.டி.பி. சென்டரில் டைப் செய்து 300 பிரதிகள் அச்சிட்டார்.

சென்ற ஆண்டு தன் பிரதியை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் பென்சில் திருத்தங்கள். "ஏப்பா, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற? இதெல்லாம் சேர்த்து இன்னொரு தடவை போட்டுரலாமா?" என்று கேட்டார்.

பழைய சி.டி. பத்திரமாக இருந்தது. வேர்டு பைலும் திறந்தது. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஓடின. அவருக்குத் தகவல் சொன்ன பெரியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. மறுபடி கேட்டு எழுத முடியாது.

ஏன் இப்படி ஆனது?

அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அதே எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் குப்பை.

இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தது மதுரைத் திட்டம். சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் நம் ஊரின் பெயரைத் தாங்கி, 1998 பொங்கல் நாளில் இது தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் தலைமையில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். முதலில் இணைமதி, மயிலை போன்ற எழுத்துருக்கள், 1999 முதல் டிஸ்கி, அதன் பிறகு யூனிகோடு என்று குறியீடுகள் மாறின. நூல்கள் ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் டெக்ஸ்டாக இருந்ததால் புதிய குறியீட்டுக்கு மாற்ற முடிந்தது. வலைப்பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும் தர முடிந்தது.

நானும் அதே வழியில் போனேன். நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். தேவையான மென்பொருட்கள் எல்லாமே இலவசம்.

1. யூனிகோடுக்கு மாற்றுங்கள்

பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடாக மாற்ற என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள் உதவும். மாற்றியதை நோட்பேடில் ஒட்டி, சேவ் செய்யும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்வு செய்யுங்கள். பழைய விண்டோஸில் இதை மறந்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும்.

பிறகு பிழை பாருங்கள். 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகள் இருக்கலாம். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது.

2. குறி போடுங்கள்

இங்கே எழுத்தைப் பெரிதாக்குவது, நிறம் கொடுப்பது எதுவும் வேண்டாம். எது தலைப்பு, எது பத்தி என்று மட்டும் சொன்னால் போதும். இதற்கு 2004-ல் வந்த மார்க்டவுன் முறை எளிது.

% எங்கள் ஊர்க் கண்மாய்கள்
% ஆசிரியர் பெயர்

# பெரிய கண்மாய்

## மடைகள்

வடக்கு மடை *கல்மடை* எனப்படும்.

% உள்ள முதல் வரி நூலின் பெயர், இரண்டாவது ஆசிரியர் பெயர். ஒரு # அத்தியாயம், இரண்டு # உட்தலைப்பு. நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் உள்ளது சாய்வெழுத்து. பத்திகளுக்கு இடையே ஒரு வரி காலியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு என்டர் போட்டால் இரண்டு பத்தியும் ஒட்டிக்கொள்ளும்.

3. பான்டாக் மூலம் மாற்றுங்கள்

பான்டாக் என்பது ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதிய மென்பொருள். இன்ஸ்டால் செய்ததும், நூல் உள்ள போல்டரைத் திறந்து அட்ரஸ் பாரில் 'சிஎம்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் இந்த வரிசையில் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்: பான்டாக், இடைவெளி, உங்கள் பைலின் பெயர், இடைவெளி, மைனஸ் குறியுடன் 'ஓ', இடைவெளி, புதிய பைலின் பெயர்.

புதிய பைலின் எக்ஸ்டென்ஷனைப் பார்த்தே பான்டாக் வேலை செய்யும். ஹெச்.டி.எம்.எல். என்றால் வலைப்பக்கம், ஈபப் என்றால் செல்போனில் படிக்கும் புத்தகம், ஓ.டி.டி. என்றால் லிப்ரே ஆபீஸ் பைல். வலைப்பக்கத்துக்கு மட்டும் மைனஸ் குறியுடன் 'எஸ்' என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் இது யூ.டி.எஃப்.-8 என்ற தகவல் பக்கத்தில் இருக்காது, பிரவுசரில் தமிழ் சிதையலாம்.

4. அச்சுக்குத் தயார் செய்யுங்கள்

ஓ.டி.டி. பைலை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்து எஃப்11 அழுத்தினால் ஸ்டைல்கள் வரும். இங்கே நான் அரை நாள் வீணாக்கினேன். எழுத்துருவை மாற்றுகிறேன், தமிழ் மாறவே இல்லை. காரணம், ரைட்டரில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு 'காம்ப்ளக்ஸ்' என்ற பகுதியில் வேறொரு எழுத்துரு. அந்தப் பகுதி தெரியவில்லை என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் சென்று மொழி அமைப்பில் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்யுங்கள். நான் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை வைத்தேன்.

பக்க அளவை சுமார் ஐந்தரைக்கு எட்டரை அங்குலமாக்குங்கள். தையல் வரும் உட்பக்க மார்ஜின் சற்று அதிகமாக இருக்கட்டும். வரிகளின் இருபுறமும் சமமாக்கினால் நீண்ட தமிழ்ச் சொற்களால் நடுவில் ஓட்டை விழும். அப்போது இடப்புறம் மட்டும் சீராக வையுங்கள். அச்சகத்தில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். பாரத்துக்குச் சரியாகப் பக்கங்களை அமைத்தால் காகிதம் வீணாகாது. பிறகு பி.டி.எஃப். ஆக எக்ஸ்போர்ட் செய்து அச்சகத்தில் கொடுக்கலாம்.

5. திருத்தம் டெக்ஸ்ட் பைலில் மட்டும்

பிழை எங்கே கண்ணில் பட்டாலும் டெக்ஸ்ட் பைலில் திருத்தி, மூன்றையும் மறுபடி உருவாக்குங்கள். ரைட்டரில் ஒரு திருத்தம், வலைப்பக்கத்தில் ஒரு திருத்தம் என்று செய்தால் எது சரியான நூல் என்றே தெரியாமல் போகும். ரைட்டரில் அமைத்த ஸ்டைல்கள் வீணாகாது. அந்த ஓ.டி.டி. பைலை வேறு பெயரில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை 'ரெஃபரன்ஸ்-டாக்' என்ற கட்டளையில் அதன் பெயரைக் கொடுத்தால் அதே அமைப்பு வந்துவிடும்.

பெரியப்பாவின் பென்சில் திருத்தங்கள் எல்லாம் ஏறிவிட்டன. வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் செல்போனில் படிக்கிறார்கள். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு அவரிடம் இருந்து போன். ஒரு மடையின் பெயர் தவறாம். டெக்ஸ்ட் பைலில் ஒரு சொல்லை மாற்றி, கட்டளைகளை மறுபடி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் மூன்று வடிவமும் தயார்.

உங்கள் வீட்டிலும் பழைய சி.டி.யில் இப்படி ஒரு நூல் இருக்கலாம். எழுதியவர் அருகில் இருக்கும்போதே திறந்து பாருங்கள். மாற்றியதில் சந்தேகம் வந்தால் கேட்டுத் திருத்த அவர் வேண்டும்.