சோவியத்து ஆட்சியில் மார்க்கக் கல்வி

காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் முழுவதும் புஹாரி ஷரீஃப் ஓதப்படுவதை நம்மில் பலர் அறிவோம். நேரில் அமர்ந்து கேட்ட பாக்கியமும் சிலருக்கு உண்டு. அந்த ஹதீஸ் நூலைத் தொகுத்தளித்த இமாம் அவர்கள் கி.பி. 810-இல் பிறந்த ஊர் புஹாரா. அடங்கியிருப்பது சமர்கந்துக்கு அருகில். இரண்டும் இன்றைய உஸ்பெக்கிஸ்தானில் உள்ளன. அப்பேர்ப்பட்ட மண்ணில், ஒரு காலத்தில், ஹதீஸ் பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு மதரஸாவின் கதவுகூடத் திறந்திருக்கவில்லை. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதன் பின்னர் மார்க்கக் கல்வி எங்கே ஒளிந்து உயிர் பிழைத்தது என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த மறுநாளே பள்ளிவாசல்களைப் பூட்டிவிட்டார்கள் என்று எண்ணுவோர் உண்டு. விஷயம் அப்படியல்ல. 1917 டிசம்பரில் லெனினும் ஸ்டாலினும் கையொப்பமிட்டு ருஷ்யாவிலும் கிழக்கு நாடுகளிலும் வாழும் முஸ்லிம்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தனர். உங்கள் நம்பிக்கையிலும் பழக்கவழக்கங்களிலும் இனி எவரும் கைவைக்க மாட்டார்கள் என்பதே அதன் சாரம். ஆண்டுக்கணக்கில் ஜார் மன்னனின் ஆட்சியில் அவதிப்பட்டவர்களுக்கு அது தேனாய் இனித்தது. சீர்திருத்த நோக்கமுடைய கற்றோர் பலர் புதிய ஆட்சியோடு கைகோத்தனர். புஹாராவைச் சேர்ந்த அப்துர் ரவூஃப் ஃபித்ரத் அவர்களில் ஒருவர். நல்ல பள்ளிக்கூடங்கள் வேண்டும், புதுக் கல்வி வேண்டும் என்று உழைத்தவர். அவரை அதே ஆட்சி 1938-இல் சுட்டுக் கொன்றது.

ஆட்சி வேரூன்றும் வரை வக்ஃபுகளையும் காஜி மன்றங்களையும் பொறுத்துக் கொண்டார்கள். 1920-களின் பிற்பகுதியில் அந்தப் பொறுமை தீர்ந்தது. முதலில் வக்ஃபுச் சொத்துக்கள் போயின. இதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். மதரஸாவின் முதர்ரிஸுக்குச் சம்பளமும், மாணவருக்குச் சோறும் அறையும் வக்ஃபு வருமானத்திலிருந்தே வந்தன. நிலமும் கடையும் சத்திரமும் சர்க்காருக்குச் சொந்தமான பின், மதரஸாவை மூடுவதற்குத் தனியே ஆணை எதற்கு? அடுத்து காஜி மன்றங்கள் எடுக்கப்பட்டன; ஃபிக்ஹு படித்தவருக்கு இருந்த உத்தியோகமும் போயிற்று. 1929-இல் ருஷ்யாவில் வந்த சட்டமோ, மத அமைப்புகள் தரும உதவி செய்வதையும், வாசகசாலை வைப்பதையும், பெண்களுக்கோ இளைஞருக்கோ தனிக்கூட்டம் நடத்துவதையும் தடுத்தது. மற்றக் குடியரசுகளும் அதே வழியில் சென்றன. தொழுவதற்கு ஓரிடம் மிஞ்சலாம், கற்பதற்கு இடமில்லை. ஆலிம்களில் பலர் சிறை சென்றனர், நாடுகடத்தப்பட்டனர், கொல்லப்பட்டனர். பள்ளிவாசல்களில் பல கிடங்குகளாயின. புஹாராவின் புகழ்பெற்ற கலான் பள்ளிவாசலுக்கும் அதே கதிதான்.

இவ்விடத்தில் நம்மவர் குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1927 மார்ச்சில் 'ஹுஜூம்' என்ற பெயரில், அதாவது தாக்குதல் என்ற பெயரில், பெண்களின் முகத்திரையை நீக்கும் இயக்கத்தைக் கட்சி தொடங்கியது. பொதுச் சதுக்கங்களில் திரைகள் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. கட்சியின் சொல்லை நம்பித் திரையை நீக்கிய பெண்களில் ஏராளமானோர் தம் சொந்த ஊராராலும் உறவினராலும் கொல்லப்பட்டனர். சர்க்கார் செய்தது வன்முறை என்றால், இது அதனினும் கொடிய வன்முறை. மார்க்கத்தின் பெயரால் இதற்குச் சமாதானம் சொல்ல நமக்கு நாக்கு எழாது.

எல்லாவற்றிலும் ஆழமாக வெட்டியது எழுத்து மாற்றமே என்பது நமது அபிப்பிராயம். 1920-களின் இறுதியில் அரபு எழுத்து நீக்கப்பட்டு, உஸ்பெக்கு மொழி லத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. பிள்ளைகள் அதைப் படித்துப் பழகுவதற்குள், 1940-இல் ருஷ்ய எழுத்து வந்தது. பாட்டனார் எழுதி வைத்த நூல் பேரனுக்கு வெறும் கோடுகளாயிற்று. அரபு எழுத்தில் எந்தப் புத்தகம் வீட்டில் இருந்தாலும் ஆபத்து என்று அஞ்சி மக்கள் நூல்களை மண்ணில் புதைத்தனர், சுவரில் வைத்துப் பூசினர். நம் அரபுத் தமிழை எண்ணிப் பாருங்கள். எந்தச் சர்க்காரும் அதைத் தடை செய்யவில்லை. ஆயினும் நம் வீட்டுப் பழைய கிதாபுகளை இன்று எத்தனை பேர் எடுத்து வாசிக்கிறோம்?

பின்னர் ஜெர்மனியோடு போர் மூண்டது. மக்கள் ஆதரவு தேவைப்படவே, 1943-இல் தாஷ்கந்தில் மத்திய ஆசிய முஸ்லிம்களுக்கென ஒரு மார்க்க நிர்வாக சபை அமைக்க ஸ்டாலின் இணங்கினார். ஈஷான் பாபாகான் அவர்கள் முதல் முஃப்தி. பின்னர் அவர் மகன், அதன் பின் பேரன். போருக்குப் பின் புஹாராவின் மீர் அரப் மதரஸா திறக்கப்பட்டது. பரந்த சோவியத்து நாடு முழுவதற்கும் நெடுங்காலம் அது ஒன்றே மதரஸா. ஹஜ்ஜுக்கோ ஆண்டுக்குச் சுமார் இருபது பேர். 1968 முதல் அந்தச் சபை நடத்திய பத்திரிகையின் உஸ்பெக்கு பதிப்பு அரபு எழுத்தில் அச்சாயிற்று; சாதாரண உஸ்பெக்கு முஸ்லிமால் அதைப் படிக்க முடியாது! வெளிநாட்டு விருந்தினர் கண்ணுக்கு அது அழகாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சபையினரை ஒட்டுமொத்தமாகக் கைக்கூலிகள் என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. அந்த ஒரு மதரஸாவாவது இருந்ததால்தான் முறையாகப் படித்த சிலர் மிஞ்சினர். 1958 முதல் 1964 வரை குருஷேவ் காலத்தில் மீண்டும் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, அவர்கள் வாய் திறக்க வழியில்லாமல் இருந்ததும் உண்மை.

மெய்யான பாடம் நடந்தது வேறிடத்தில். ஹுஜ்ரா என்றால் நமக்குப் பள்ளிவாசலில் இமாம் தங்கும் சிற்றறை நினைவுக்கு வரும். அங்கே வீட்டுக்குள் இரகசியமாக நடந்த பாடத்துக்கே அப்பெயர் வழங்கிற்று. கோக்கந்து ஊர்ப் பக்கம் 1892-இல் பிறந்த முஹம்மது ஜான் என்பவர் புஹாராவிலும், பின்னர் நம் இந்தியாவில் அஜ்மீரிலும் கற்றுத் தேர்ந்தவர். அதனாலேயே 'ஹிந்துஸ்தானி' என்று பெயர் பெற்றார். 1920-களின் இறுதியில், வெளியே பாதுகாப்பாக இருந்திருக்கக் கூடியவர், ஊர் திரும்பினார். மீண்டும் மீண்டும் கைதானார். போரில் செஞ்சேனையில் சேர்க்கப்பட்டுக் காயமுற்றார். பின்பு தஜிக்கிஸ்தான் தலைநகர் துஷன்பேயில் இமாமாக இருக்கையில் மறுபடியும் சிறை. ஸ்டாலின் 1953-இல் இறந்த பின் விடுதலை கிடைத்தது. அரபும் உருதுவும் அறிந்தவர் என்பதால் அரசாங்க விஞ்ஞானக் கழகமே அவருக்கு வேலை கொடுத்தது. எந்த எழுத்தை ஒழித்தார்களோ, அதைப் படித்துச் சொல்ல அவர்களுக்கே ஆள் வேண்டியிருந்தது!

பகலில் அந்த உத்தியோகம். மற்ற நேரத்தில் வீட்டில் பாடம். அரபு இலக்கணம், ஃபிக்ஹு, தஃப்ஸீர் என்று பழைய முறைப்படி ஆண்டுக்கணக்கில் கற்பித்தார். திருமறைக்கு உஸ்பெக்கு மொழியில் விரிவுரையும் எழுதினார். பின்னாளில் அங்கு ஆலிம்களாக விளங்கிய பலர் அவருடைய மாணவர்கள்.

பெண்களிடையே இதே பணியைச் செய்தவர்கள் 'ஓதின்' எனப்படும் ஆசிரியைகள். நம் 'ஓதுதல்' என்ற சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் கேட்க இனிக்கிறது. மௌத்து வீட்டிலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் பெண்கள் கூடுவதை எந்த அதிகாரி தடுப்பான்? அங்கே அவர்கள் ஓதினர்; சிறுமிகள் கேட்டு மனனம் செய்தனர். பொருள் தெரிந்தவர் சிலரே. கட்சி உறுப்பினர் வீடுகளில்கூட நிக்காஹும் கத்னாவும் ஜனாஸாத் தொழுகையும் நின்றுவிடவில்லை.

1989-இல் தாஷ்கந்து முஸ்லிம்கள் வீதியில் இறங்கி முஃப்தியை மாற்றக் கோரினர். புதிய முஃப்தி வந்தார். உஸ்மான் (ரலி) அவர்களுடையதெனப் போற்றப்பட்டு, அருங்காட்சியகத்தில் இருந்த பழமையான திருமறைப் பிரதியும் அவ்வாண்டே முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மௌலவி ஹிந்துஸ்தானி காலமானதும் அதே 1989-இல்தான். இரண்டாண்டில் சோவியத்து ஆட்சி முடிந்தது. 1993-இல் சுதந்திர உஸ்பெக்கிஸ்தான் ருஷ்ய எழுத்தை விட்டு மறுபடி லத்தீன் எழுத்துக்குப் போக முடிவு செய்தது. இன்று அங்கு ஒரு சிறுவன் தன் பெயரை எழுதும் எழுத்து பாட்டனார் பள்ளியில் கற்ற எழுத்தல்ல. பாட்டனாருடையது அவர் முன்னோர் மதரஸாவில் கற்ற எழுத்துமல்ல.